சொந்த அரட்டை சர்வருக்கு ஒரு வாயிற்காவலர்: ரிவர்ஸ் பிராக்ஸி அமைக்க முழு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குடும்பத்துக்கென்று நானே அமைத்த அரட்டை சர்வரின் முகவரியை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, கோப்பியைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஈசூனிலிருந்து அக்கா நுழைந்தார். செங்காங்கிலிருந்து அத்தை, அவர் மகன், அப்புறம் இன்னும் இரண்டு பேர். ஐந்து பேர் வரை எல்லாம் சரி. ஆறாவதாக உட்லண்ட்ஸ் சித்தப்பா முயன்றார். ஒரு நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. "என்னப்பா, ஊரையே கூப்பிட்டுட்டு என்னை மட்டும் வாசல்ல நிறுத்தி வச்சிருக்க?"

கடவுச்சொல் சரி. சர்வரும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது: சர்வரின் கண்ணுக்கு அன்று வந்த ஆறு பேரும் ஒரே ஆள். ஒரே முகவரியிலிருந்து ஒருவன் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுகிறான், திருடனாக இருக்கலாம் என்று நினைத்து ஆறாவது முறை பூட்டிவிட்டது. தவறு சர்வருடையது அல்ல. அதற்கு முன்னால் நான் நிறுத்தியிருந்த ரிவர்ஸ் பிராக்ஸி, வந்தவர் பெயரை எழுதாமல் ஒவ்வொரு முறையும் தன் பெயரையே எழுதியிருந்தது.

கொண்டோமினியம் வாசலில் இருக்கும் காவலர் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியாள் யாரும் நேராக மாடிக்குப் போக முடியாது. காவலர் அடையாளம் பார்க்கிறார், பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுகிறார், எந்த வீட்டுக்கு என்று கேட்டு அனுப்புகிறார். ரிவர்ஸ் பிராக்ஸி செய்வதும் இதேதான். இணையத்திலிருந்து வரும் எல்லாக் கோரிக்கையையும் 443 என்ற ஒரே வாசலில் (கணினி மொழியில் போர்ட்) வாங்குகிறது, டிஎல்எஸ் குறியாக்கத்தைப் பிரிக்கிறது, உள்ளே ஓடும் சரியான மென்பொருளிடம் அனுப்புகிறது. ஒரே கணினியில் அரட்டை, படத்தொகுப்பு, வலைத்தளம் மூன்றும் இருந்தாலும் வாசல் ஒன்றுதான். ஆனால் பார்சலைப் பிரித்து அடுக்கி வைக்கும் அளவுக்கு ஆர்வமுள்ள காவலர் தொல்லை. இந்த வழிகாட்டியில் வரும் பிழைகளில் பாதி, நடுவில் நிற்பவர் எதையோ திருத்தியதால் வருபவை. மீதிப் பாதி, உள்ளே இருப்பவரைவிட அவருக்குப் பொறுமை குறைவாக இருப்பதால் வருபவை.

நான் பயன்படுத்துவது மேட்ரிக்ஸ், அதாவது வெவ்வேறு சர்வர்கள் ஒன்றோடொன்றும் பேசக்கூடிய அரட்டை நெறிமுறை. சர்வர் மென்பொருள் சினாப்ஸ், முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸியாக என்ஜின்எக்ஸ், இயங்குதளம் டெபியன், கைப்பேசியில் எலிமென்ட் செயலி. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். அடிக்கோடு, சாய்கோடு எல்லாம் நான் போட்ட இடத்திலேயே இருக்கட்டும். என்ஜின்எக்ஸ் கோப்பில் ஒவ்வொரு கட்டளை வரியின் முடிவிலும் அரைப்புள்ளி (;) வர வேண்டும்.

முதலில், எங்கே வைப்பது?

வீட்டிலா, விபிஎஸ்ஸிலா (தரவு மையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரிலேயே தரவு மையம் வைத்திருக்கும் விபிஎஸ் நிறுவனங்கள் பல இருக்கின்றன. இருபது பேர் கொண்ட குடும்பத்துக்கு 2 ஜிபி நினைவகம் தாராளம். பொது ஐபி முகவரி நிலையாகக் கிடைக்கும், மின்தடை கவலை இல்லை. அவசரமாகத் தொடங்க வேண்டும் என்றால் இதுவே நல்ல வழி.

நான் வீட்டில்தான் வைத்தேன். பிடிவாதம் என்றும் சொல்லலாம். நம் வீவக வீடுகளின் ஃபைபர் இணைப்பு இதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் போர்ட்களைத் திறக்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் தெரியும் வெளி முகவரியும், 'என் ஐபி என்ன' என்று இணையத்தில் தேடினால் வரும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால், உங்களோடு இன்னும் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று பொருள். அப்படியானால் வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக்கு நேராக வர முடியாது. சேவை நிறுவனத்திடம் பொது முகவரி கேளுங்கள். கிடைக்காவிட்டால் விபிஎஸ்ஸுக்குப் போய்விடுங்கள், அல்லது வெளியே இருக்கும் சர்வர் வழியாக உங்கள் வீட்டுக்குப் பாதை போட்டுத் தரும் டன்னல் சேவை ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

முகவரி ஒன்றாக இருந்தால், ரவுட்டரில் 80, 443 இரண்டையும் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். வேறு எதையும் திறக்க வேண்டாம். குறிப்பாக, சினாப்ஸ் உள்ளே காத்திருக்கும் 8008ஐ. வீட்டு இணைப்பின் முகவரி அவ்வப்போது மாறக்கூடும் என்பதால், மாறியவுடன் டிஎன்எஸ் பதிவை (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) புதுப்பிக்கும் சிறு நிரல் ஒன்றும் தேவைப்படும்.

இடையில் ஒரு சொந்த அனுபவம். கணினியை முதலில் வீட்டுப் புகலிடத்தில் வைத்தேன், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. கதவைச் சாத்தியதும் வைஃபை செத்துவிட்டது, உள்ளே வெப்பம் வேறு. இப்போது தொலைக்காட்சிக்குப் பின்னால், கேபிள் இணைப்போடு இருக்கிறது.

பெயர் வாங்குவது

மேட்ரிக்ஸில் ஒருவரின் அடையாளத்தில் சர்வரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சினாப்ஸில் சர்வர்_நேம் என்று ஒருமுறை கொடுத்ததைப் பிறகு மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே 'டெஸ்ட்1' போன்ற பெயரில் தொடங்கிவிடாதீர்கள்.

டாட் எஸ்ஜி பெயர் வாங்கினால், பதிவில் நிர்வாகத் தொடர்பாளராக இருப்பவர் சிங்பாஸ் வழியே தன்னை உறுதிப்படுத்த வேண்டும். அதற்கு 21 நாள் தருவார்கள். மறந்தால் பெயர் முடக்கப்படும். அதற்காக வரும் மின்னஞ்சலைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள்.

சிங்கப்பூருக்கு .சிங்கப்பூர் என்று தமிழிலேயே ஒரு மேல்நிலை டொமைன் இருக்கிறது. பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அரட்டை சர்வருக்குத் தமிழ் டொமைனை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேட்ரிக்ஸ் சர்வர் பெயர், என்ஜின்எக்ஸ் கோப்பு, சான்றிதழ் மூன்றிலும் அதைத் தமிழாக எழுத முடியாது, எக்ஸ்என் என்று தொடங்கும் பியூனிகோட் வடிவத்தில்தான் எழுத வேண்டும். அந்த நீளமான எழுத்துக்கூட்டத்தை அத்தையிடம் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். திரையில் தெரியும் ஆள் பெயர்கள் தமிழில் இருக்கத் தடை எதுவும் இல்லை. எங்கள் குழுவில் எல்லார் பெயரும் தமிழில்தான்.

இனி எடுத்துக்காட்டுக்கு, முதன்மைப் பெயர் உங்கள்பெயர்.எஸ்ஜி என்றும், சினாப்ஸ் இருக்கும் இடம் சேட்.உங்கள்பெயர்.எஸ்ஜி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் டிஎன்எஸ்ஸில் உங்கள் பொது ஐபியைக் கொடுத்துவிடுங்கள்.

சினாப்ஸை உள்ளறையில் பூட்டுங்கள்

சினாப்ஸ் வழக்கமாக 8008 போர்ட்டில், குறியாக்கம் இல்லாமல் காத்திருக்கும். அது கணினிக்கு உள்ளே மட்டும் கேட்க வேண்டும். ஹோம்சர்வர்.யாம்ல் கோப்பில் லிசனர்ஸ் பகுதிக்குப் போய், பைண்ட்_அட்ரசஸ் என்பதில் 127.0.0.1 கொடுங்கள். டிஎல்எஸ் ஃபால்ஸ் ஆகவும், எக்ஸ்_ஃபார்வர்டட் ட்ரூ ஆகவும் இருக்கட்டும். இந்த இரண்டாவது வரி, 'முன்னால் ஒரு காவலர் இருக்கிறார், அவர் எழுதித் தரும் முகவரியை நம்பு' என்று சினாப்ஸுக்குச் சொல்கிறது. பப்ளிக்_பேஸ்யூஆர்எல் என்ற இடத்தில் எச்டிடிபிஎஸ் சேர்த்து உங்கள் சேட் முகவரியை முழுதாகக் கொடுங்கள்.

டாக்கரில் ஓட்டுபவர்கள் கவனிக்க: கண்டெய்னருக்குள் 127.0.0.1 என்று கட்டினால் வெளியே யாருக்கும் கேட்காது. உள்ளே 0.0.0.0 வைத்துவிட்டு, போர்ட்டை வெளிக்காட்டும் இடத்தில் 127.0.0.1:8008:8008 என்று எழுதுங்கள். வெறும் 8008:8008 என்று எழுதினால் டாக்கர் அந்தப் போர்ட்டை எல்லா இடைமுகத்திலும் திறந்துவிடும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் நீங்கள் போட்ட தடையையும் அது தாண்டிப் போகும். விபிஎஸ்ஸில் இது உண்மையான ஆபத்து.

புதுக் கணக்குப் பதிவை மூடியே வையுங்கள். குடும்பத்தாருக்கு நீங்களே ரெஜிஸ்டர்_நியூ_மேட்ரிக்ஸ்_யூசர் கட்டளையால் கணக்கு உருவாக்கிக் கொடுக்கலாம். தரவுத்தளமாக எஸ்க்யூலைட் வேண்டாம், தொடக்கத்திலேயே போஸ்ட்கிரெஸ் வைத்துவிடுங்கள். பிறகு மாற்றுவது முடியும், ஆனால் ஒரு விடுமுறை நாள் போய்விடும்.

சான்றிதழ்

எச்டிடிபிஎஸ் இணைப்புக்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. அதை வாங்கித் தரும் நிரலான செர்ட்பாட்டையும் அதன் என்ஜின்எக்ஸ் இணைப்பையும் நிறுவி, இரண்டு பெயரையும் ஒரே சான்றிதழில் கேளுங்கள். 80ஆவது போர்ட் வெளியிலிருந்து எட்டவில்லை என்றால் இந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்போது ரவுட்டரைப் பாருங்கள், செர்ட்பாட்டைத் திட்டாதீர்கள். புதுப்பிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதில் ஒரு பொறி இருக்கிறது.

என்ஜின்எக்ஸ் கோப்பு

இதுதான் மையம், நிதானமாகப் போவோம். சைட்ஸ்-அவைலபிள் அடைவில் சேட் என்று ஒரு கோப்பு திறந்து, அதில் ஒரு சர்வர் தொகுதி எழுதுங்கள். லிசன் 443 எஸ்எஸ்எல் ஒரு வரி, ஐபிவி6க்கு [::]:443 எஸ்எஸ்எல் இன்னொரு வரி. சர்வர்_நேம் வரியில் சேட் முகவரி. எஸ்எஸ்எல்_சர்ட்டிஃபிகேட், எஸ்எஸ்எல்_சர்ட்டிஃபிகேட்_கீ இரண்டும் செர்ட்பாட் வைத்த கோப்புகளைக் காட்ட வேண்டும்.

அடுத்து, எந்தப் பாதைகளை உள்ளே விடுவது. இங்கேதான் பலர் 'எல்லாவற்றையும்' என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். லொகேஷன் வரியில் ~ குறி போட்டு, ^(/_மேட்ரிக்ஸ்|/_சினாப்ஸ்/கிளையன்ட்) என்று எழுதுங்கள். செயலிகளுக்குத் தேவை இந்த இரண்டே. /_சினாப்ஸ்/அட்மின் என்ற நிர்வாகப் பாதை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை இணையத்துக்குக் காட்ட எந்தத் தேவையும் இல்லை. உங்களுக்கு வேண்டும்போது எஸ்எஸ்எச் வழியாகக் கணினிக்குள் வந்து 8008ஐ நேராகக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தொகுதிக்குள் முதல் வரி: பிராக்ஸி_பாஸ் எச்டிடிபி://127.0.0.1:8008; அவ்வளவுதான். 8008க்கு அப்புறம் ஒரு சாய்கோடுகூட வரக்கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? பின்னால் பாதை இருந்தால், அது ஒற்றைச் சாய்கோடாகவே இருந்தாலும், என்ஜின்எக்ஸ் வந்த முகவரியைத் தன் வழக்கப்படி பிரித்து ஒழுங்குபடுத்தி அனுப்பும். மேட்ரிக்ஸ் அறைகளின் அடையாளம் ஆச்சரியக்குறியில் தொடங்கும், அறைப் பெயர்கள் # குறியில் தொடங்கும். இவை முகவரியில் %21, %23 என்று குறியீடாக வரக்கூடும். என்ஜின்எக்ஸ் அதைத் திருத்தி ஆச்சரியக்குறியாகவே அனுப்பினால், மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மற்ற சர்வர்கள் அனுப்பும் கோரிக்கையில் முகவரியையும் சேர்த்துத்தான் டிஜிட்டல் கையொப்பம் போடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது, 401 வரும். சில அறைகள் வேலை செய்யும், சில செய்யாது, என்ன காரணம் என்றே புரியாது. காவலர் நல்லெண்ணத்தில் உறையைப் பிரித்து, கையெழுத்து சரியில்லை என்று புதிதாக எழுதி ஒட்டிய கதை.

நல்ல வேளையாக, நான் மேலே சொன்னபடி ~ குறியோடு லொகேஷன் எழுதினால், சாய்கோடு போட்டவுடன் என்ஜின்எக்ஸே 'இங்கே பாதை வரக்கூடாது' என்று சொல்லித் தொடங்க மறுத்துவிடும். ~ இல்லாமல் எழுதுபவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. லோக்கல்ஹோஸ்ட் என்பது ஐபிவி6இல் ::1 ஆகவும் மாறும். சினாப்ஸ் 127.0.0.1இல் மட்டும் காத்திருந்தால், சில கோரிக்கைகள் ஆளில்லாத கதவைத் தட்டும்.

இப்போது ஹெடர்கள், அதாவது காவலரின் பதிவேடு. மூன்று வரி. பிராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் $ரிமோட்_அட்ர்; என்பது முதலாவது. அந்தக் கடைசிச் சொல்லில் ஏ, டி, டி, ஆர் என்று நான்கு எழுத்துதான், முழுச் சொல்லாக எழுதினால் பிழை வரும். இரண்டாவது, எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்பதற்கு $ஸ்கீம். மூன்றாவது, ஹோஸ்ட் என்பதற்கு $ஹோஸ்ட்:$சர்வர்_போர்ட். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் உள்ளே 127.0.0.1:8008 என்ற பெயரையே ஹோஸ்ட் ஆகச் சொல்லும்.

சித்தப்பாவை வாசலில் நிறுத்தியது அந்த முதல் வரி இல்லாததுதான். சினாப்ஸின் லாகை (நடப்பதை எழுதி வைக்கும் கோப்பு) திறந்து பார்த்தபோது எல்லாக் கோரிக்கையின் முன்னும் 127.0.0.1 என்றே இருந்தது. ஒரே முகவரியிலிருந்து ஐந்து உள்நுழைவு வரை சினாப்ஸ் உடனே விடும். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தரை நிமிடத்துக்கு ஒன்று. இயல்பு அமைப்பே அப்படி. ஆறாவது ஆளுக்கு 429 என்ற பிழை எண் போகும்.

சில வழிகாட்டிகளில் அந்த இடத்தில் $பிராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் என்று போடச் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு முன்னால் வேறு பிராக்ஸி இல்லை என்றால் அதைப் போடாதீர்கள். அது வந்தவர் ஏற்கெனவே கையில் எழுதிக்கொண்டு வந்த சீட்டை முன்னால் வைத்து, உண்மையான முகவரியை அதற்குப் பின்னால் ஒட்டும். சினாப்ஸ் வரிசையில் முதலில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் எந்தப் பொய்ச் சீட்டும் செல்லும்.

இவ்வளவு சரிசெய்த பிறகும் அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அதே கதை! ஹாலில் எட்டுப் பேர் புதுக் கைப்பேசியில் உள்நுழைகிறார்கள், ஆறாவது ஆள் வெளியே. இம்முறை பிராக்ஸி நிரபராதி. எல்லாரும் என் வைஃபையில் இருந்தார்கள், வெளியிலிருந்து பார்த்தால் வீடு முழுக்க ஒரே ஐபிவி4 முகவரி. மற்றவர்களை மொபைல் டேட்டாவுக்கு மாறச் சொன்னேன், நுழைந்துவிட்டார்கள். அடிக்கடி நடக்கும் என்றால் ஹோம்சர்வர்.யாம்ல் கோப்பில் ஆர்சி_லாகின் பகுதியில் பர்ஸ்ட்_கவுண்ட் எண்ணைக் கூட்டலாம். நான் 15 வைத்திருக்கிறேன்.

அதே தொகுதியில் இன்னும் மூன்று வரி. கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 50எம்; என்பது முக்கியம். என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது வெறும் 1 எம்பி. சினாப்ஸின் இயல்பு எல்லை 50 எம்பி. இரண்டும் பொருந்தாவிட்டால், எழுத்துச் செய்தி எல்லாம் போகும், கல்யாணப் படம் மட்டும் 413 என்ற பிழை எண்ணோடு திரும்பிவிடும். அப்புறம் 'உன் சர்வர் படத்தைச் சாப்பிட்டுவிட்டது' என்ற புகார் வரும். பெரிய காணொளி வேண்டுமானால் இங்கேயும், சினாப்ஸில் மேக்ஸ்_அப்லோட்_சைஸிலும் ஒரே எண்ணாகக் கூட்டுங்கள்.

பிராக்ஸி_ரீட்_டைம்அவுட் அடுத்தது. புதுச் செய்தி வந்ததா என்று எலிமென்ட் செயலி விநாடிக்கு விநாடி கேட்பதில்லை. ஒருமுறை கேட்டுவிட்டு, செய்தி வரும் வரையோ வழக்கமாக 30 விநாடி வரையோ அப்படியே காத்திருக்கும். என்ஜின்எக்ஸின் பொறுமை 60 விநாடி, ஆகவே அன்றாடத்துக்குப் போதும். ஆனால் பெரிய அறைகளில் இருக்கும் ஒருவர் புதுச் சாதனத்தில் முதல்முறை உள்நுழையும்போது, எல்லாவற்றையும் திரட்டித் தர சர்வருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். காவலர் அதற்குள் '504' என்று கதவைச் சாத்திவிடுவார். நான் 600எஸ் வைத்திருக்கிறேன், இதுவரை தொந்தரவு இல்லை. கடைசியாக பிராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1; சினாப்ஸ் பதிலைத் துண்டு துண்டாக அனுப்பக்கூடும், அதற்கு 1.1 வேண்டும்.

கோப்பைச் சைட்ஸ்-எனேபிள்ட் அடைவில் இணைத்துவிட்டு, என்ஜின்எக்ஸ் -டி கட்டளையை ஓட்டுங்கள். அது சரி என்று சொன்ன பிறகே ரீலோட். ரீஸ்டார்ட் செய்தால் பிழையான கோப்போடு மொத்த வாசலும் மூடிக்கொள்ளும். ரீலோட் செய்தால் பழைய அமைப்பாவது ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய வழிகாட்டிகளில் 'ஸ்லைடிங் சிங்க் பிராக்ஸி' என்று தனியாக ஒன்றை நிறுவச் சொல்லியிருந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். எலிமென்ட் எக்ஸ் செயலிக்குத் தேவையான அந்த வசதி சினாப்ஸ் 1.114 பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது.

முதன்மைப் பெயரில் ஒரு வழிகாட்டிப் பலகை

அத்தையின் அடையாளம் உங்கள்பெயர்.எஸ்ஜி என்று முடிகிறது, சர்வரோ சேட் என்ற கிளைப்பெயரில் இருக்கிறது. செயலி இதை எப்படிக் கண்டுபிடிக்கும்? முதன்மைப் பெயரின் /.வெல்-நோன்/மேட்ரிக்ஸ்/கிளையன்ட் என்ற பாதையில் ஜேசான் என்ற தரவு வடிவில் எழுதிய ஒரு சிறு துண்டைத் தேடும். அதில் எம்.ஹோம்சர்வர் என்பதற்குள் பேஸ்_யூஆர்எல் ஆகச் சேட் முகவரி, எச்டிடிபிஎஸ்ஸோடு இருக்க வேண்டும். இதற்குத் தனிக் கோப்புகூட வேண்டாம். முதன்மைப் பெயருக்கான சர்வர் தொகுதியில் ஒரு லொகேஷன் எழுதி, ரிட்டர்ன் 200 என்று ஜேசானை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்துவிடலாம். டிஃபால்ட்_டைப் அப்ளிகேஷன்/ஜேசான் என்று போடுங்கள். ஆட்_ஹெடர் அக்ஸஸ்-கண்ட்ரோல்-அலௌ-ஆரிஜின் * என்பதையும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கைப்பேசிச் செயலியில் எல்லாம் சரியாக இருக்கும், உலாவியில் எலிமென்ட் மட்டும் 'சர்வரைக் காணோம்' என்று நிற்கும்.

மற்ற மேட்ரிக்ஸ் சர்வர்களோடும் பேச வேண்டும் என்றால், அதே இடத்தில் /சர்வர் என்று முடியும் இன்னொரு பாதையில் எம்.சர்வர் என்பதற்கு சேட்.உங்கள்பெயர்.எஸ்ஜி:443 என்று கொடுங்கள். இங்கே எச்டிடிபிஎஸ் சேர்க்கக்கூடாது, பெயரும் போர்ட்டும் மட்டும். இதைச் செய்தால் 8448 என்ற போர்ட்டைத் தனியாகத் திறக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்கு மட்டும் போதும் என்றால் இந்தப் பாதையே வேண்டாம், ஃபெடரேஷன்_டொமைன்_ஒயிட்லிஸ்ட் என்பதை வெறும் பட்டியலாக வைத்துவிடுங்கள். நான் முதல் ஆறு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

சோதனை

கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சேட் முகவரியோடு /_மேட்ரிக்ஸ்/கிளையன்ட்/வெர்ஷன்ஸ் என்று திறந்து பாருங்கள். பதிப்பு எண்கள் நிறைந்த ஜேசான் வந்தால் வாசலிலிருந்து உள்ளறை வரை வழி சரி. வைஃபையில் சோதிக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், சில ரவுட்டர்கள் வீட்டுக்குள்ளிருந்து வீட்டின் வெளி முகவரிக்குப் போய்த் திரும்ப விடாது. உலகம் முழுக்கத் திறந்திருக்கும், உங்கள் சோபாவிலிருந்து மட்டும் திறக்காது. அந்த ரவுட்டர் உங்களுக்கு வாய்த்திருந்தால், வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்து சினாப்ஸ் லாகில் உங்கள் உண்மையான முகவரி தெரிகிறதா என்று பாருங்கள். 127.0.0.1 தெரிந்தால் மேலே போய் ஹெடர் பகுதியை மறுபடி படியுங்கள். மற்ற சர்வர்களுக்குத் திறந்திருந்தால் மேட்ரிக்ஸ் ஃபெடரேஷன் டெஸ்டர் பக்கத்தில் முதன்மைப் பெயரைக் கொடுத்துச் சோதிக்கலாம்.

502 வந்தால் காவலர் இருக்கிறார், உள்ளே ஆள் இல்லை: சினாப்ஸ் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. சினாப்ஸ் எழுந்திருக்கச் சிறிது நேரம் எடுக்கும், தொடக்கத்தில் அரை நிமிடம் 502 வந்தால் பதற வேண்டாம். 404 வந்தால் பெரும்பாலும் லொகேஷன் வரியில் எழுத்துப்பிழை, அல்லது அதே கணினியில் இருக்கும் வேறு தளத்தின் சர்வர் தொகுதி முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. 413, 429, 504 மூன்றையும் மேலேயே பார்த்துவிட்டோம்.

குரல் அழைப்பு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

ஏனென்றால் அது இந்த வாசல் வழியாகப் போவதில்லை. தொலைபேசி அடிப்பது மேட்ரிக்ஸ் செய்தி, ஆகவே அடிக்கும். எடுத்த பிறகு போக வேண்டிய குரல், முடிந்தால் இரண்டு கைப்பேசிகளுக்கு இடையே நேராகவும் முடியாவிட்டால் நடுவில் நின்று கடத்தித் தரும் டர்ன் சர்வர் ஒன்றின் வழியாகவும் போகும், பெரும்பாலும் யூடிபியில். என்ஜின்எக்ஸின் எச்டிடிபி பிராக்ஸிக்கு அதில் வேலையே இல்லை. கோடர்ன் என்ற மென்பொருளைத் தனியாக அமைத்து, 3478 போர்ட்டையும் ஒரு யூடிபி வரம்பையும் திறக்க வேண்டும். வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் தலைவலி. இதற்காகவே ஒரு சிறிய விபிஎஸ் எடுத்தேன்.

வேறு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு

மேட்டர்மோஸ்ட் (வழக்கமாக 8065), ராக்கெட்.சேட் (3000) இரண்டும் வெப்சாக்கெட்டை, அதாவது மூடாமல் திறந்தே இருக்கும் இருவழி இணைப்பை, நம்பியிருப்பவை. அதற்கு அப்கிரேட், கனெக்ஷன் என்ற இரண்டு ஹெடர்கள் உள்ளே போக வேண்டும். என்ஜின்எக்ஸ் அவற்றைத் தானாகக் கடத்தாது, நீங்கள்தான் பிராக்ஸி_செட்_ஹெடர் மூலம் எழுத வேண்டும்: அப்கிரேட் என்பதற்கு $எச்டிடிபி_அப்கிரேட், கனெக்ஷன் என்பதற்கு 'அப்கிரேட்' என்ற சொல்லே. மறந்தால் பக்கம் திறக்கும், உள்நுழையலாம், ஆனால் புதுச் செய்தி பார்க்க ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். மீதியெல்லாம் மேலே சொன்னதேதான்.

இவ்வளவு வரி எழுதப் பொறுமை இல்லாதவர்கள் என்ஜின்எக்ஸுக்குப் பதில் கேடி என்ற மென்பொருளைப் பாருங்கள். சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பிக்கும், அமைப்பு சில வரிகளில் முடிந்துவிடும். ஒரே ஒரு சேவைதான் என்றால் நானும் அதையே எடுத்திருப்பேன்.

குடும்பத்துக்கு வெளியே விரித்தால்

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2012, தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காகச் செயல்படும் தனி ஆளுக்குப் பொருந்தாது. ஆனால் அதே சர்வரில் கோயில் தொண்டூழியர் குழுவையோ துணைப்பாட வகுப்பின் பெற்றோரையோ சேர்த்தால் கதை வேறு. பதிவு செய்யாத அமைப்புகூட அச்சட்டத்தின் கண்ணில் அமைப்புதான். என்ஜின்எக்ஸ் லாகில் எல்லாருடைய ஐபி முகவரியும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். டெபியன் அமைப்பில் அது நாளுக்கொரு கோப்பாகச் சுழன்று 14 கோப்பு வரை தங்கும். நான் 7 ஆகக் குறைத்திருக்கிறேன்.

சான்றிதழ் புதுப்பிப்பு

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள் செல்லும். செர்ட்பாட் அதைக் காலாவதிக்கு முன்பே தானாகப் புதுப்பிக்கும். முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வரும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள்.

நான் சொன்ன பொறி இதுதான்: புதுச் சான்றிதழ் வட்டில் வந்து உட்கார்ந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் நினைவகத்தில் இருக்கும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். என்ஜின்எக்ஸ் இணைப்பைப் பயன்படுத்தாமல் வெப்ரூட் முறையில் (சரிபார்ப்புக் கோப்பை வலைத்தள அடைவில் வைப்பது) சான்றிதழ் வாங்கியிருந்தால் ரீலோட் தானாக நடக்காது. லெட்ஸ்என்கிரிப்ட் அடைவுக்குள் ரினியூவல்-ஹுக்ஸ்/டிப்ளாய் என்ற இடத்தில், என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்து, இயக்கும் அனுமதி கொடுங்கள். பிறகு செர்ட்பாட் ரினியூ கட்டளையை ட்ரை-ரன் (வெறும் ஒத்திகை) ஆக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து, உலாவியில் பூட்டுக்குறியைத் தட்டிக் காலாவதித் தேதி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். என் நாள்காட்டியில் அது அத்தையின் பிறந்தநாளுக்கு மறுநாள் என்று குறித்து வைத்திருக்கிறேன். அன்று எப்படியும் சர்வரில் படங்கள் வந்து குவிந்திருக்கும்.